ஏகமனதாக

இந்த பெஞ்சுக்கு அந்தப் பக்கத்துக் கால் ஆடும் அண்ணாச்சி, இங்கன தள்ளி உக்காருங்க. ஃபேனும் இந்தப் பக்கம்தான் கொஞ்சம் காத்து தருது. நான் காலையில பத்து மணிக்கு வந்தேன். உள்ள போனேன், வெளிய வந்தேன், மறுபடி இங்கனயே உக்காந்துட்டேன். மூணு மணிக்கு ஆபீஸ்ல இருக்கணும். ரெண்டு பஸ் போயிருச்சு. பரவாயில்ல, இன்னும் நேரம் இருக்கு.

உள்ள நாலாவது கட்டில்ல கிடக்காரே, வலது கையில தோள் வரைக்கும் மாவுக்கட்டு, நெத்தியில தையல், அவரப் பாக்கத்தான் வந்தேன். பேரு அருளப்பன். உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குப் பதினெட்டு வருஷம் தலைவரா இருந்தவரு. என் பேரு பொன்னுலிங்கம். கட்சியில நகரக் குழு உறுப்பினர். எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, ஆஸ்பத்திரியில வச்சு அரசியல் பேசப்படாது. குழுக் கூட்டத்துல மினிட் எழுதுதது நான்தான். யாரு என்ன பேசினா, என்ன தீர்மானம் போட்டோம், எத்தன பேரு ஆதரவு, எல்லாம். இருபத்தாறு வருஷமா அந்த நோட்டுல என் கையெழுத்துதான்.

இல்ல இல்ல, சொந்தம் கிடையாது. சிநேகிதம். இருந்துச்சு. என் மூத்தவ பிறந்தப்ப ஊரெல்லாம் வெள்ளம். ஆட்டோ வரல, ஆம்புலன்ஸ் வரல. இந்த அருளப்பன்தான் உப்பு லாரிய எடுத்துக்கிட்டு வந்து, பூரணத்த, அதான் என் சம்சாரத்த, சாக்கு மேல படுக்க வச்சு இதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேத்தாரு. அதெல்லாம் உண்டு. அத நான் மறுக்கல. ஆனா கட்சி ரீதியா சொல்லணும்னா அவருக்கும் எனக்கும் இப்ப ஒரு சம்பந்தமும் இல்ல. சித்திரையில இருந்து பேச்சு கிடையாது.

அவர அடிக்கணும்னு யாரும் முடிவு பண்ணல. அத முதல்லயே சொல்லிருதேன். ஊருக்குள்ள என்னென்னமோ பேசிக்கிடுதாவ. கட்சி அப்படி ஒரு முடிவு எடுக்கல. எடுத்திருந்தா மினிட்ல இருக்கும்லா? எழுதுதவன் நான். எனக்குத் தெரியாம ஒரு எழுத்து அதுல வராது.

எங்க ஊருக்குக் கிழக்க கடல். இங்கிட்டு ரோடு. நடுவுல பூரா உப்பளம், குறுக்க ஒரு வாய்க்கால். முந்நூத்தி நாப்பது குடும்பம் அதுலதான் பொழைக்குது. போன வருஷம் ஒரு கம்பெனி வந்துச்சு. கப்பல் சரக்கு இறக்கி வைக்கதுக்குக் கிட்டங்கி கட்டப் போறோம், இந்த நிலம் வேணும்னாவ. நிலம் அரசாங்கக் குத்தகை. குத்தகை முடியப் போகுது, இனி புதுப்பிக்க மாட்டோம்னுட்டாவ.

நாங்க உடனே தீர்மானம் போட்டோம். ஒரு பாத்தி கூட விடமாட்டோம், கம்பெனியோட ஒரே மேசையில உக்காரவே மாட்டோம். நான் எழுதுன தீர்மானம். பத்திரிகைக்காரங்க அப்படியே போட்டாங்க, ஒரு வார்த்தை வெட்டல. அந்தத் தீர்மானத்துக்கு அருளப்பனும் கை தூக்கினாரு. அது ஞாபகம் இருக்கட்டும்.

மாசி மாசம் சப்-கலெக்டர் கூப்பிட்டாருன்னு அவரு போனாரு. குழுவக் கேக்காம போனாரு. மூணு தடவ. கம்பெனி மேனேஜரும் இருந்திருக்காரு. மூணாவது தடவ வெளிய வந்து சங்கத்துக்காரங்களக் கூட்டிச் சொன்னாரு. வாய்க்காலுக்கு மேற்க உள்ள அளத்தப் பத்து வருஷத்துக்குத் தொடமாட்டாங்களாம். கிழக்க உள்ள குடும்பத்துக்கு வீட்டுக்கு ஒருத்தருக்கு கிட்டங்கியில வேலையாம். மழை மாசத்துல அளம் மூழ்கிக் கிடக்கும்லா, அப்ப எல்லா வீட்டுக்கும் அரிசியாம். எழுதிக் கையெழுத்துப் போட கம்பெனி தயாராம். பொம்பளையாளுக கை தட்டினாங்க. சிலது அழுதுச்சு. நானும் அங்கதான் நின்னேன். நானும் தட்டினேன்னு சிலவேரு சொல்லுதாவ. எனக்கு ஞாபகம் இல்ல.

மறுநாள் பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அருளப்பன் கையில டீ கிளாஸ். எதுத்தாப்ல மேனேஜர் சிரிச்சுக்கிட்டு இருக்காரு.

அந்த நேரத்துலதான் எங்களுக்குப் புதுச் செயலாளர் வந்தாரு. தோழர் பரமகுரு. தலைமையில இருந்து அனுப்பினாவ. வக்கீலுக்குப் படிச்சவரு, நாப்பது வயசு கூட இருக்காது. இந்த வருஷம் தலைமை ஒரு சுற்றறிக்கை விட்டிருந்துச்சு, இது கொள்கை ஒருமைப்பாட்டு ஆண்டு, மிதவாதப் போக்க வேரோட களையணும்னு. அதச் செய்யத்தான் வந்தாரு. நல்ல மனுஷன், குறை சொல்ல முடியாது. சத்தம் போட்டுப் பேசமாட்டாரு. வெந்நிதான் குடிப்பாரு. ஒவ்வொருத்தர்கிட்டயும் வீட்டு விவரம் கேப்பாரு. பிள்ளைங்க எங்க படிக்குது, எந்த பஸ்ல போகுது, எத்தன மணிக்கு வரும், எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருப்பாரு. இதுக்கு முன்ன இருந்த செயலாளருக்கு என் பேரே பாதி நேரம் மறந்துபோகும்.

முதல் கூட்டத்துல அவரு அருளப்பனப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ஆளுக்கு ஒரு தாள் குடுத்தாரு. "பேச்சுவார்த்தை பத்தி நீங்க என்ன நினைக்கீங்களோ அத ஒரு பக்கம் எழுதிக் குடுங்க தோழர். மனசுல உள்ளத எழுதுங்க"ன்னாரு. எவ்வளவு பெருந்தன்மை பாருங்க. நான்தான் தாள வாங்கி அடுக்கினேன். நாங்க இருபத்து மூணு பேரு. அதுல பேச்சுவார்த்தை சரின்னு எழுதினது ஒம்பது பேரு.

ஒம்பதுல நானும் ஒருத்தன். அதையும் சொல்லிருதேன், மறைக்கதுக்கு ஒண்ணும் இல்ல. பேசுறதுல தப்பில்ல, பிடிக்கலைன்னா எந்திரிச்சு வந்துரலாம்னு எழுதினேன். மறுநாள் தோழர் என்னத் தனியா கூப்பிட்டாரு. என் தாளு மேசையில இருந்துச்சு. "தோழர் பொன்னுலிங்கம், உங்க எழுத்து எப்பவும் தெளிவா இருக்கும். இதுல தெளிவு இல்ல. திருப்பி எழுதுங்களேன்"ன்னாரு. நானும் பாத்தேன். தெளிவு இல்லதான். திருப்பி எழுதினேன். பழைய தாளக் கேட்டேன். "அது எங்கிட்டயே இருக்கட்டும்"ன்னு மடிச்சு வச்சுக்கிட்டாரு. அவரு எதையும் வீணாக்க மாட்டாரு.

அடுத்த கூட்டத்துல அவங்கவங்க எழுதினத அவங்கவங்களே எந்திரிச்சு நின்னு வாசிக்கணும்னு வச்சாரு. வேன் டிரைவர் சகாயம் வாசிச்சான். பேச்சுவார்த்தையால நாலு பேருக்கு நல்லது நடந்தா நடக்கட்டும்னு எழுதியிருந்தான். தோழர் அமைதியா ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "இது உங்க சொந்தக் கருத்தா, இல்ல அருளப்பன் சொல்லிக் குடுத்ததா?"

சகாயம் முழிச்சான். சொந்தக் கருத்துன்னா கட்சித் தீர்மானத்துக்கு எதிரா சொந்தக் கருத்து வச்சிருக்கான்னு ஆயிரும். சொல்லிக் குடுத்ததுன்னா உள்ளுக்குள்ள கோஷ்டி இருக்குன்னு ஆயிரும். வேர்த்து ஊத்துச்சு அவனுக்கு. உக்காந்துட்டான்.

ஞானசுந்தரி டீச்சர் எந்திரிச்சாங்க. எங்க குழுவுல இருந்த ஒரே பொம்பளையாளு. "தோழர், ரெண்டுல எதச் சொன்னாலும் தப்புன்னா அது கேள்வியே இல்ல, பொறி"ன்னாங்க. தோழர் கோவிக்கல. சிரிச்சாரு. "டீச்சர் சொன்னத எழுதிக்கோங்க"ன்னு எங்கிட்ட சொன்னாரு. எழுதினேன். அன்னைக்கு சாயங்காலமே அந்தம்மா ராஜினாமா குடுத்துட்டாங்க. இப்ப ரோட்டுல எதுத்தாப்ல வந்தா நான் செருப்ப சரி பண்ணுற மாதிரி குனிஞ்சிருதேன். அவங்க நின்னு பாத்துட்டுப் போவாங்க. ரொம்பப் பிடிவாதக்காரங்க.

மூணாவது கூட்டத்துல எல்லார்கிட்டயும் திரும்ப ஒரு பக்கம் எழுதி வாங்கினாரு. அருளப்பன் எழுதிக் குடுக்கல. மத்த இருபத்தோரு பேரும் குடுத்தோம். நான்தான் ஒவ்வொண்ணா எடுத்து அடுக்கினேன். அண்ணாச்சி, இருபத்தோரு பக்கமும் ஒண்ணுபோல இருந்துச்சு. வார்த்தைக்கு வார்த்தை. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இருபத்தாறு வருஷத்துல அப்படி ஒரு ஒத்துமைய நான் பாத்ததே இல்ல. எப்பவும் எங்க கூட்டம் சந்தைக்கடை மாதிரி இருக்கும். அருளப்பன் ஒண்ணு சொல்லுவாரு, சகாயம் மேசையத் தட்டுவான், டீச்சர் சட்டம் பேசுவாங்க, மினிட் எழுத எனக்குப் பத்து விரல் பத்தாது. இப்ப ஃபேன் சுத்துத சத்தம் கேக்குது. அவ்வளவு ஒழுங்கு.

சித்திரையில நீக்கத் தீர்மானம் வந்துச்சு. எழுதச் சொன்னது என்னத்தான். 'சமரசப் போக்கு'ன்னு எழுதியிருந்தேன். தோழர் அத அடிச்சுட்டு 'துரோகம்'னு எழுதினாரு. சின்னத் திருத்தம்தான். நான் எந்திரிச்சு நின்னு வாசிச்சேன். அருளப்பன் எனக்கு நேர் எதுத்தாப்ல உக்காந்து, வாசிச்சு முடிக்க வரைக்கும் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"ஏதாவது சொல்லணுமா?"ன்னு தோழர் கேட்டாரு.

"கொள்கைய நான் விடல தோழர்"னாரு அருளப்பன். "நிலம் பூரா நமக்கு வேணும்னுதான் நானும் சொல்லுதேன். ஆனா ஐப்பசியில மழ வந்துரும். அளத்துல தண்ணி நிக்கும். அந்த மூணு மாசத்துக்கு இவங்க வீட்டுல அடுப்பு எரியணுமே. அதுக்கு நம்மகிட்ட என்ன தீர்மானம் இருக்கு? பாதிய காப்பாத்தி வச்சுக்கிட்டு மீதிக்குப் போராடுவோம்னேன். அது துரோகம்னா எழுதிக்கோங்க."

தோழர் கை தூக்கச் சொன்னாரு. எல்லாக் கையும் மேல போச்சு. எதிர்ப்பு யாருன்னு கேட்டாரு. அருளப்பனுக்கும் ஓட்டு உண்டு, அன்னைக்கு வரைக்கும் அவரும் உறுப்பினர்தான. அவரு தூக்கல. சங்க ஆபீஸ் சாவிய மேசையில வச்சுட்டு, "பொன்னு, என் கைய எந்தக் கணக்குலயும் சேக்காதடே"ன்னு சொல்லிட்டு வெளிய போனாரு. எதிர்த்து ஒரு கை இல்ல. அதனால 'ஏகமனதாக நிறைவேறியது'ன்னு எழுதினேன். விதிப்படி அதுதான் சரி.

அதுக்கு அப்புறம் அவரோட யாரும் பேசக் கூடாதுன்னு முடிவு. நான் கட்டுப்பட்டேன். பூரணம் கட்டுப்படல. அவளுக்கும் ஜெபமாலைக்கும், அதான் அருளப்பன் சம்சாரத்துக்கும், முப்பது வருஷப் பழக்கம். மீன்கொழம்பு வச்சா தூக்குவாளியில ஊத்தி எடுத்துட்டுப் போயிருவா. "கட்சியில நான் எதுலயும் கையெழுத்துப் போடல"ம்பா. அவள நான் கண்டிச்சேன். கண்டிச்சேன்னு தோழர்கிட்டயும் சொன்னேன். "தெரியும், செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் போறாங்க"ன்னாரு. எனக்குக் கூட கிழமை தெரியாது.

கம்பெனி என்ன செஞ்சுச்சுன்னா, நீங்க பேச வரலேல்லா, அப்ப பழைய பேச்சு செல்லாதுன்னு சொல்லிருச்சு. ஆவணியில லாரி லாரியா செம்மண்ணக் கொண்டாந்து தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. வாய்க்காலுக்குக் கிழக்கயும் தட்டுதாங்க, மேற்கயும் தட்டுதாங்க. வெள்ளையா இருந்த பாத்தி பூரா செவப்பா ஆயிருச்சு. ஆனா ஒண்ணு அண்ணாச்சி, நாங்க அவங்களோட ஒரு மேசையில உக்காரல. கடைசி வரைக்கும் உக்காரல. தலைமையில இருந்து பாராட்டிக் கடிதம் வந்துச்சு.

அந்த மேற்குப் பக்கத்துச் சனங்க இருக்குல்லா, அது பூரா அருளப்பன் வீட்டுக்குப் போயிருச்சு. நீங்களே திரும்ப சப்-கலெக்டரப் பாருங்க, நாங்க பின்னால வாறோம்னு. அவரும் சரின்னுட்டாரு. போன ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு அளத்துல வச்சே கூட்டம்னு சொல்லிவிட்டாரு.

வெள்ளிக்கிழமை எங்க குழு கூடுச்சு. தோழர் வெந்நியக் குடிச்சுக்கிட்டே சொன்னாரு, "அந்தக் கூட்டம் நடக்கக் கூடாது." எல்லாரும் தலையாட்டினாவ. நான் பேனாவ வச்சுக்கிட்டு, "இத எப்படி தோழர் எழுத?"ன்னு கேட்டேன். "இத எழுத வேண்டாம்"னாரு. சரின்னு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். கட்சி நாள்காட்டி அச்சடிக்கது பத்தி. அது மினிட்ல இருக்கு.

கூட்டம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சப்ப என் தோள்ல கையப் போட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கிட்டு வந்தாரு. மழ வருமா, பூரணத்துக்கு முட்டுவலி எப்படி இருக்குன்னு கேட்டாரு. அப்புறம், "அருளப்பன் அளத்துக்கு எந்த வழியா தோழர் வருவாரு? ரோட்டு வழியாவா?"ன்னாரு.

"ரோட்டு வழியா வரமாட்டாரு தோழர். பைக்க பம்ப் ஷெட்டுல போட்டுட்டு வரப்பு மேலேயே நடந்து வருவாரு. இருபது வருஷமா அப்படித்தான். அவருக்கு முன்னாடி யாரும் வந்துரப் படாது, ஆறரைக்கே வந்துருவாரு"ன்னேன்.

"தனியாவா?"

"தனியாத்தான்."

அது ஒரு தகவல், அவ்வளவுதான். கேட்டாரு, சொன்னேன். ஒருத்தர் வழி கேட்டா சொல்லமாட்டமா? நீங்க இருந்தா சொல்லமாட்டீங்களா?

ஞாயித்துக்கிழமை கூட்டம் நடக்கல. ஏழு மணிக்கு வந்த பொம்பளையாளுகதான் பாத்திருக்கு. பம்ப் ஷெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, பாத்திக்குள்ள கிடந்திருக்காரு. உப்பு வாருத பலகை ரெண்டு ஒடிஞ்சு பக்கத்துல கிடந்துச்சாம். உப்புத் தண்ணியிலயே கிடந்திருக்காரு அண்ணாச்சி. காயத்தோட. அரைமணி நேரம். நாலு பேரு வந்ததா சொல்லுதாங்க. முகத்தத் துண்டு வச்சுக் கட்டியிருந்தாங்களாம். யாருன்னு எனக்குத் தெரியாது. திங்கக்கிழமை ஆபீஸ்ல சகாயத்தப் பாத்தேன். வலது கையில துணி சுத்தியிருந்தான். என்னலேன்னு கேட்டதுக்கு வேன் கதவுல நசுங்கிட்டுன்னான். வேன் கதவுல நசுங்கத்தான் செய்யும். பழைய வேன். முதல்ல எந்திரிச்சு நின்னு முழிச்சான்னு சொன்னேன்லா, அந்தச் சகாயம்தான். பிறகு ரொம்பத் தெளிவாயிட்டான்.

இப்ப நான் எதுக்கு வந்தேன்னு கேப்பீங்க. நேத்து வரைக்கும் அவருக்குச் சரியா நினைவு இல்ல. இன்னைக்கு அஞ்சு மணிக்கு போலீஸ் வாக்குமூலம் வாங்க வருதாவ. அதுக்கு முன்னாடி அவருகிட்ட ஒரு கடிதம் வாங்கணும்னு தோழர் சொன்னாரு. வரப்புல வழுக்கி விழுந்துட்டேன், யாரு மேலயும் புகார் இல்லைன்னு. "நீங்களே எழுதுங்க தோழர், உங்க நடைதான் இயல்பா இருக்கும். நீங்க போனாத்தான் அவரும் போடுவாரு"ன்னாரு. எழுதிட்டு வந்தேன். வந்து ரெண்டு மணி நேரம் இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். அப்புறம் உள்ள போனேன்.

ஜெபமாலை என்னப் பாத்ததும் எந்திரிச்சா. "வாங்கண்ணே"ன்னா. பழக்க தோஷம். அப்புறம் கையில தாளப் பாத்தா. "என்னண்ணே அது?"

நான் அவருகிட்ட குடுத்தேன். அவருக்கு ஒரு கண்ணு வீங்கி மூடிக் கிடக்கு. இடது கையால வாங்கி முகத்துக்குக் கிட்ட வச்சு வாசிச்சாரு. பைய வாசிச்சாரு. ஜெபமாலை எட்டிப் பாத்துட்டு, "கிழிச்சுப் போடுங்க அத"ன்னா. சத்தமா. வார்டே திரும்பிப் பாத்துச்சு. "வெள்ளத்துல உங்க பொண்டாட்டிய தூக்கிட்டு வந்த மனுஷன்ணே இது. இவர அடிச்சவன் பேர எழுதிக்கிட்டு வருவீங்கன்னு பாத்தா, விழுந்துட்டேன்னு எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க"ன்னா. தரையப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அருளப்பன் அவளப் பேசாம இருக்கச் சொன்னாரு. எங்கிட்ட, "உக்காருடே"ன்னாரு. ஆறு மாசத்துக்கு அப்புறம். உக்காந்தேன்.

"இது இல்லாம நீ திரும்பிப் போனா உன்ன என்ன செய்வாங்க?"

"என்ன செய்வாங்க, ஒண்ணும் செய்யமாட்டாங்க"ன்னேன்.

அவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒத்தக் கண்ணால. அப்புறம் பக்கத்துல இருந்த துணிய எடுத்து எங்கிட்ட நீட்டினாரு. "மொகத்தத் தொட"ன்னாரு. எனக்கு வேர்த்திருக்கு, அது எனக்கே தெரியல.

"இதுல ஒரு இடத்துல தப்பு பண்ணிட்ட பொன்னு"ன்னாரு. "மழையில் வரப்பு வழுக்கின்னு எழுதியிருக்க. ஞாயித்துக்கிழமை மழ பெய்யல. ஒரு வாரமா வெயில்ல வரப்பு வெடிச்சுக் கிடந்துச்சு. போலீஸ்காரன் முதல்ல அதத்தான் பிடிப்பான். எழுதினது யாருன்னு கேப்பான். உன் கையெழுத்து ஊருக்கே தெரியும். பைக் சறுக்கி விழுந்தேன்னு மாத்து. பைக்கும் அங்கனதான் கிடந்துச்சு, நம்புவான்."

நர்ஸம்மாகிட்ட ஒரு தாள் வாங்கி அங்கேயே வேற எழுதினேன். அவரு ஒவ்வொரு வரியா சொன்னாரு. இடையில இடையில மூச்சு வாங்குச்சு. எழுதி முடிச்சதும் இடது கையால கையெழுத்துப் போட்டாரு. சின்னப் பிள்ளை எழுத்து மாதிரி கோணலா வந்துச்சு. ஜெபமாலை சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டா.

"பூரணத்த கொஞ்ச நாளைக்கு அவ அம்மா வீட்டுக்கு அனுப்பி வையி"ன்னாரு நான் கிளம்பும்போது. எதுக்குச் சொன்னாருன்னு தெரியல. அடிபட்டவருக்கு ஏதோ குழப்பம்.

இப்ப பாருங்க, அவரு கடைசியில கட்டுப்பட்டுட்டாருல்லா? இதத்தான் நான் சொல்ல வந்தேன். உள்ளுக்குள்ள அவருக்குக் கட்சிப் பற்று இருக்கு. இல்லைன்னா போடுவாரா? எனக்காகப் போட்டாருன்னு ஜெபமாலை நினைக்கா போல. அப்படி இல்ல. கட்சிக்காகத்தான். நான் வெளிய வந்து அத யோசிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். கடிதம் சட்டைப் பையிலதான் இருக்கு. எந்திரிக்கணும்னு நினைக்கேன், காலு மரத்துப் போகுது. வயசாச்சுல்லா.

இருங்க, போன் அடிக்குது. தோழர்தான்.

ஆமா தோழர். ஆச்சு தோழர், கையெழுத்து ஆயிருச்சு. ஆமா, எங்கிட்டதான். இல்ல தோழர், ஒண்ணும் பேசல. ஒண்ணுமே பேசல. அரை மயக்கத்துல இருக்காரு... இல்ல, கையெழுத்து... அது, அந்த நேரத்துக்குக் கொஞ்சம் தெளிஞ்சு இருந்தாரு. ஆமா. இல்ல தோழர், உடனே வந்துட்டேன். அப்படியா... ஆமா, இருக்கலாம். நான் மணி பாக்கல. சரி தோழர். இல்ல, பஸ் இருக்கு தோழர், நானே... சரி. சரி தோழர். வாசல்லயே நிக்கேன்.

வச்சுட்டாரு.

சிரிச்சாரு. மயக்கத்துல இருக்கவரு எப்படி கையெழுத்துப் போட்டாருன்னு கேட்டுட்டு சிரிச்சாரு. ஒரு கையெழுத்துக்கு நாப்பது நிமிஷமா தோழர்னு கேட்டாரு. நாப்பது நிமிஷம் இருக்கும்தான். பன்னெண்டுக்கு உள்ள போனேன், வெளிய வரும்போது அந்தக் கடியாரத்துல பன்னெண்டு நாப்பது. ஆனா நான் யார்கிட்டயும் சொல்லலையே. பஸ்ல வரவேண்டாமாம். ஆளு அனுப்பியிருக்காராம், வேன்ல கூட்டிக்கிட்டு வருவாங்களாம். சகாயம்தான் வருவான் போல. அக்கறையான மனுஷன். எனக்கு வயசாச்சுன்னு பாக்காரு.

போற வழியில வீட்டுல நிறுத்தி மினிட் புக்கயும் கையோட எடுத்துட்டு வரச் சொன்னாரு. வேற ஒருத்தர எழுதப் பழக்கணுமாம். நல்லதுதான்.

நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். நீங்க உங்களப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணாச்சி. எந்த வார்டுக்கு வந்திருக்கீங்க? நான் கேக்கவே இல்ல பாருங்க. கண்ணு வார்டா? கண்ணு வார்டு மாடியிலல்லா இருக்கு. இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க? காத்துக்காகவா. சரி சரி. யாருக்குக் கண்ணு? சித்தப்பாவுக்கா. எத்தனாவது கட்டில்?

இல்ல, கோவிச்சுக்காதீங்க. உக்காருங்க, எந்திரிக்காதீங்க. இவ்வளவு நேரம் யாரோட பேசிக்கிட்டு இருந்தீங்கன்னு என்னக் கேட்டா நான் ஒரு பதில் சொல்லணும்லா? தெரியாத ஆளுன்னு சொன்னா நம்பமாட்டாங்க. நான் இருந்தாலும் நம்பமாட்டேன்.

உங்க பேரச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன். முழுப் பேரா சொல்லுங்க. அப்பா பேரும் சேத்து.